புது வீட்டு மின்வேலை: எதில் காசு போடலாம், எதைத் தள்ளிப் போடலாம்

வீடு கட்டும்போது மின்வேலைக்கு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே கரைந்துவிடுகிறது. ஹாலில் ஃபால்ஸ் சீலிங் விளக்கு, செல்போனில் இயங்கும் சுவிட்ச், கண்ணாடித் தகடு போட்ட சுவிட்ச் போர்டு. இதற்கெல்லாம் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். டிபி பாக்ஸுக்குள் (மெயினிலிருந்து ஒவ்வொரு லைனுக்கும் கரண்ட் பிரியும் பெட்டி) என்ன போகிறது, சுவருக்குள் எந்த வயர் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் "எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம்.

இன்று கடைகளில் பத்து வருடத்துக்கு முன்பு வீட்டுக்காரர் கேள்விப்பட்டிராத பொருள்கள் நிறைய வந்துவிட்டன. எல்லாவற்றையும் வாங்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு எது முதலில், எது பிறகு என்று பார்ப்போம். நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு கேள்விகள்தான். இது உயிரோடு சம்பந்தப்பட்டதா? சுவரை உடைக்காமல் பிறகு மாற்ற முடியுமா?

எம்சிபி இருக்கிறதே, அப்புறம் இன்னொன்று எதற்கு?

டிபி பாக்ஸில் வரிசையாக இருக்கும் தானியங்கி சுவிட்சுகள்தான் எம்சிபி. அதன் வேலை வயரைக் காப்பது. அளவுக்கு மீறி கரண்ட் ஓடி வயர் சூடேறுவதற்கு முன்னால் அது விழுந்துவிடும், அதாவது தானே அணைந்து லைனைத் துண்டித்துவிடும். ஷார்ட் ஆனால் உடனே விழும். மனிதரைக் காப்பது அதன் வேலையே இல்லை. விளக்கு லைனில் போடும் சின்ன எம்சிபியே 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஈரக் கையோடு ஃபேஸ் வயரைத் தொட்டவர் உடம்பில் 200 மில்லி ஆம்பியர் அளவில் ஓடக்கூடும். அவரைக் கொல்ல அது தாராளம். எம்சிபிக்கோ அது ஒரு பல்பு எரிகிற கணக்கு, அசையாது.

அதே பாக்ஸில் போடும் இன்னொரு காவல் சுவிட்சான ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கேயோ மண்ணுக்கோ மனித உடம்புக்கோ கசிகிறது என்று லைனைத் துண்டித்துவிடும். அந்த அளவில் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும் என்பது தர விதி. கசிவு பெரிதானால் அதைவிட வேகமாக விழும். கடையில் ஈஎல்சிபி என்று பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் இப்போது இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 100, 300 என்று போட்டவையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காப்பாற்ற அல்ல.

"எங்கள் வீட்டில் எர்த் நன்றாக இருக்கிறது, அது போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எர்த் குழியின் எதிர்ப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் குழி காய்ந்தால் இதற்கு மேலும் போகும். குளியலறை ஹீட்டரின் காயில் வெடித்து ஃபேஸ் அதன் உடலைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர். ஹீட்டர் லைனில் இருப்பதோ 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி. அது விழவே விழாது. ஹீட்டர் உடலிலும், அதோடு சேர்ந்த இரும்புக் குழாயிலும், ஷவரிலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இதே இடத்தில் ஆர்சிசிபி இருந்தால் ஹீட்டரைப் போட்ட நொடியே விழுந்திருக்கும்.

அதனால் ஆர்சிசிபி வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. எத்தனை போடுவது, எங்கே போடுவது என்பதில்தான் ஒப்பிட்டுப் பார்க்க விஷயம் இருக்கிறது.

ஒன்றா, இரண்டா, ஒவ்வொரு லைனுக்குமா?

வழக்கமாக நடப்பது, மெயினில் ஒரே ஓர் ஆர்சிசிபி. செலவு குறைவு, பாக்ஸும் சின்னது. இதில் ஒரு சிக்கல். வீட்டில் ஓடும் ஒவ்வொரு மின்னணுப் பொருளும் கொஞ்சம் கசியும். எல்இடி டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பாகம்), கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னப் பாகம் உண்டு, அது எர்த்துக்குச் சில துளி கரண்டை விடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் விதி. எல்லாச் சின்னக் கசிவும் ஒரே பொட்டியில் சேர்ந்தால், மழை நாளில் வெளி விளக்கில் கொஞ்சம் ஈரம் பட்டாலே முழு வீடும் இருண்டுவிடும்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. இரண்டு முறை காரணம் தெரியாமல் விழும். மூன்றாம் முறை ஆளைக் கூப்பிட்டால், ஆர்சிசிபியின் மேல் பக்கத்து வயரையும் கீழ்ப் பக்கத்து வயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார். பாக்ஸைத் திறந்தால் பொட்டி அங்கேயே இருக்கும், லீவர் மேலே நிற்கும், பார்ப்பவருக்குப் பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். கரண்ட் அதைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கும். பழைய வீடு வாங்குகிறவர்கள் பாக்ஸின் மூடியைக் கழற்றச் சொல்லி, இதை முதலில் பாருங்கள்.

இன்னொரு கோடியில் ஆர்சிபிஓ. எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே பொட்டியில். ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று போட்டால், ஹீட்டரில் கசிவு என்றால் ஹீட்டர் மட்டும் நிற்கும். எங்கே கோளாறு என்று தேடவே வேண்டாம். ஆனால் சாதாரண எம்சிபி சில நூறு ரூபாய் என்றால் ஆர்சிபிஓ ஆயிரங்களில் போகும். பன்னிரண்டு லைனுக்கும் அதைப் போட நடுத்தரக் குடும்பத்தால் முடியாது.

நான் சொல்வது நடு வழி. இரண்டு ஆர்சிசிபி, ஒன்று விளக்கு ஃபேன் லைன்களுக்கு, இன்னொன்று பிளக் பாயிண்ட்களுக்கு. தண்ணீரோடு பழகும் ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் தலைக்கு ஓர் ஆர்சிபிஓ. காசு இன்னும் கொஞ்சம் இருந்தால் ஃபிரிட்ஜுக்கும் தனியாக ஒன்று. ஊருக்குப் போயிருக்கும்போது வேறு ஏதோ கசிந்து ஃபிரிட்ஜ் நிற்காது.

வாங்கும்போது டைப் ஏசி, டைப் ஏ என்று இரண்டு வகை இருப்பதைக் கவனியுங்கள். விலை குறைந்தது டைப் ஏசி. அது சாதாரண மாறுமின் கசிவை மட்டும் கண்டுபிடிக்கும். இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, புது வாஷிங் மெஷின் போன்றவற்றின் உள்ளே மின்சாரம் டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாறுவதால் கசிவும் உருமாறி வரும். அதைப் பிடிக்க டைப் ஏ வேண்டும். பிளக் பாயிண்ட் பக்கத்துக்கு டைப் ஏ, விளக்குப் பக்கத்துக்கு டைப் ஏசி என்று பிரித்தால் காசும் மிச்சம்.

ஆர்சிசிபிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அது விழாது, அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பல்பு. அது இருக்கிறது என்று மெயினை அணைக்காமல் வேலை செய்யக்கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் ஆர்சிசிபி சும்மா சும்மா விழுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைனின் நியூட்ரலையும் சுவிட்ச் போர்டுக்குள் எங்கேயோ ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். ஒரு பாதையில் போன கரண்ட் வேறு பாதையில் திரும்பினால், கசிவே இல்லாமல் ஆர்சிசிபி கணக்குத் தப்புகிறது என்று நினைக்கும். வயரிங் போடும்போதே இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தனியாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு இதைப் பிரிப்பது பெரும்பாடு. பேட்டரியில் ஓடும்போது மெயின் ஆர்சிசிபியால் அந்த லைனைக் கவனிக்க முடியாது என்பதால், இன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் லைனுக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

சுவருக்குள் போகும் வயர்

கடைக்காரர் முன்னால் வைக்கும் சுருள்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். எஃப்ஆர் என்றால் தீ பரவாமல் தடுக்கும். எஃப்ஆர்எல்எஸ் என்றால் அதோடு புகையும் குறையும். ஹெச்ஆர்எஃப்ஆர் 85 டிகிரி வரை சூடு தாங்கும், சாதாரண பிவிசி 70 டிகிரி. இப்போது ஹாலஜன் இல்லாத வயரும் சில்லறைக் கடைக்கே வந்துவிட்டது. அதற்கு 2018-ல் ஐஎஸ் 17048 என்று தனித் தரம் கொண்டுவந்தார்கள். பிவிசியில் குளோரின் என்ற ஹாலஜன் இருப்பதால், எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு விட முடியாது. வீடு தீப்பிடித்தால் நெருப்பை விடப் புகைதான் ஆளை முதலில் மடக்கும்.

தனி வீட்டுக்கு, இரண்டு வாசல் இருக்கிறது, ஓடி வெளியே வந்துவிடலாம் என்றால் எஃப்ஆர்எல்எஸ் போதும். அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி, இறங்க ஒரே படிக்கட்டு, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஹாலஜன் இல்லாத வயருக்கு விலை அதிகம் கொடுப்பது நியாயம். விளக்கையோ ஃபேனையோ நாளைக்கு மாற்றலாம். வயரை மாற்ற மறுபடி காடி வெட்ட வேண்டி வரலாம்.

வகையை விட அளவில்தான் அதிகம் ஏமாறுகிறோம் என்பது என் எண்ணம். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர். இதில் ஒரு படி இறக்கிப் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பிறகு ஏசி ஓடும்போது எம்சிபி விழுகிறது என்றால், 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடுவார்கள். அத்தோடு விழுவது நின்றுவிடும். சுவருக்குள் வயர் வெந்துகொண்டிருக்கும், அதைத் தடுக்க இருந்த காவலையும் எடுத்தாயிற்று. எம்சிபியின் எண் வயருக்குப் பொருந்த வேண்டும், ஏசிக்குப் பொருந்தினால் போதாது.

போலி வயர் சந்தையில் உண்டு. 90 மீட்டர் சுருளில் நீளமும் குறையும், செம்பும் மெலியும். வயர் மேலேயே அச்சடித்திருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணையும் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

எர்த் குழி

உப்பும் கரியும் கொட்டிய இரும்புக் குழாய் எர்த் மலிவு, எல்லா ஊரிலும் போடத் தெரிந்த ஆள் உண்டு. ஆனால் உப்பே குழாயை அரிக்கும், தண்ணீர் ஊற்றாமல் விட்டால் காய்ந்துவிடும். கெமிக்கல் எர்த்தில் குழிக்குள் குழாயைச் சுற்றி பென்டோனைட் போன்ற ஈரம் பிடிக்கும் கலவையைப் போடுவதால் பராமரிப்பு குறைவு. களிமண் பூமி, வருடம் முழுக்க ஈரம் என்றால் பழைய முறையே நன்றாக வேலை செய்யும். பாறை நிலம், செம்மண் மேடு என்றால் கெமிக்கல் எர்த்துக்குச் செலவழியுங்கள். எதைப் போட்டாலும் கடைசியில் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

இடி, ஹை வோல்டேஜ், நியூட்ரல் கட்

"ஸ்டேபிலைசர் இருக்கிறது, எஸ்பிடி எதற்கு?" என்ற கேள்வியில் மூன்று தனித்தனி ஆபத்துகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஸ்டேபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். பக்கத்தில் இடி விழுந்தால் லைனில் வரும் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு வினாடியின் மிகச் சிறு பங்கில் வந்து போய்விடும், ஸ்டேபிலைசரின் ரிலே அசைவதற்குள் டிவி போர்டு கருகியிருக்கும். அதைப் பிடித்து மண்ணுக்கு அனுப்புவது எஸ்பிடி. வீட்டு டிபி பாக்ஸில் போடுவது டைப் 2. மொட்டை மாடியில் இடிதாங்கி இருக்கிறது, அல்லது கரண்ட் கம்பத்திலிருந்து திறந்த கம்பியில் சர்வீஸ் வருகிறது என்றால் டைப் 1 சேர்ந்தது வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்பிடி வாங்குவது வீண், அனுப்ப அதற்கு வழி இல்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. த்ரீ ஃபேஸ் வீடுகளில் கம்பத்திலோ மீட்டர் பக்கத்திலோ நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட்டுக்குச் செய்த பொருளுக்கு 400 வோல்ட்டை ஒட்டிக்கூட வரலாம். ஒரு நிமிடத்தில் ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை பெட்டி, எல்இடி எல்லாம் போய்விடும். எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். எஸ்பிடியாலும் இதைத் தாங்க முடியாது, அது ஒரு கண நேர அடிக்குத்தான். இதற்கென்று உள்ளது அதிக-குறைந்த வோல்டேஜைப் பார்த்துத் துண்டிக்கும் காவல் பொட்டி. வோல்டேஜ் 270 போல எகிறினால் வெட்டிவிட்டு, சரியான பின் தானே சேர்க்கும். த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்கள் எஸ்பிடி, இது இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். சிங்கிள் ஃபேஸ் என்றால் எஸ்பிடி முதலில்.

பேட்டரியும் ஃபேனும்

இவை இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தனித்தனியாகக் கணக்குப் போடுவதால்தான் பெரிய பேட்டரி வாங்கிவிடுகிறோம்.

பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், மின்னணு கார்டில் இயங்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் சுற்றும். மூன்று ஃபேன், நாற்பது வாட் விளக்கு என்று வைத்தால் பழைய கணக்கு 265 வாட், புதுக் கணக்கு 130. கரண்ட் போன இரவில் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் வரும். பில்லிலும் தெரியும். ஒரு ஃபேன் தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 32 யூனிட் குறையும், மூன்று ஃபேனுக்கு நூறை ஒட்டி. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடுகிறது. 550, 580 என்று நிற்கும் வீட்டுக்கு இந்த நூறு பெரிய நூறு.

பிஎல்டிசியின் குறை, அதன் உள்ளே இருக்கும் கார்டு. பழைய ஃபேன் போனால் தெருமுனைக் கடையில் காயில் கட்டிக்கொள்ளலாம். இதில் கார்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள், நட்சத்திர லேபிளையும் பாருங்கள், 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு சீக்கிரம் போகும்.

பேட்டரியில் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலரா, 100 ஏஹெச் லித்தியமா என்று கேட்டால் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். டியூபுலர் கணக்குப்படி 1,800 வாட்-மணி, ஆனால் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 1,280 வாட்-மணி, அதில் எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம். கையில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். டியூபுலருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் வேண்டும். படுக்கையறை அலமாரிக்குள் அதை வைத்து மூடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வைக்க வராண்டா இருக்கிறது, கரண்ட் மாதம் ஓரிரு முறைதான் போகிறது என்றால் டியூபுலரே போதும். அபார்ட்மெண்ட், இடமில்லை, தினமும் கரண்ட் போகிறது என்றால் லித்தியம் தன் விலையைத் திருப்பித் தரும். பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை அப்படியே மாட்டாதீர்கள், அதன் சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்த்த பிறகுதான்.

தள்ளிப் போடலாம் என்பவை

விளக்கு. வாட் பார்க்காமல் லுமென் (வெளிச்சத்தின் அளவு) பாருங்கள், ஃபால்ஸ் சீலிங்குக்குள் டிரைவர் தனியாகக் கழற்ற வருகிற மாதிரி வாங்குங்கள். சூட்டில் முதலில் போவது டிரைவர்தான். அவ்வளவுதான், மற்றதெல்லாம் ரசனை. ஸ்மார்ட் சுவிட்சும் அப்படியே. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் வயரை இப்போதே இழுத்து விட்டுவிடுங்கள், சுவிட்சை என்று வேண்டுமானாலும் மாட்டலாம். கார் நிறுத்தும் இடத்துக்கும் டிபியிலிருந்து ஒரு காலிக் குழாய் போட்டு வையுங்கள், நாளைக்கு மின்சார வண்டி வரும்.

ஏஎஃப்டிடி என்று ஒன்று வந்திருக்கிறது. லூஸ் கனெக்‌ஷனிலும் எலி கடித்த வயரிலும் வரும் தீப்பொறியைக் கண்டுபிடித்து லைனை வெட்டும். அமெரிக்காவில் இதே வகைக் காவலைப் படுக்கையறை லைன்களுக்கு 1999 விதித்தொகுப்பிலேயே சேர்த்தார்கள், பிரிட்டன் 2022-ல் உயரமான குடியிருப்புகளுக்குக் கட்டாயமாக்கியது. நல்ல பொருள். ஆனால் இங்கே விலை இன்னும் மிக அதிகம். அந்தப் பணத்தில் ஒழுங்கான வயரும் இரண்டாவது ஆர்சிசிபியும் வந்துவிடும், அவற்றை முதலில் முடியுங்கள்.

புகை அலாரம் மட்டும் தள்ளிப் போட வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடுவதை ஹாலிலும் படுக்கையறை வாசலிலும் இடத்துக்கு ஒன்றாக மாட்டலாம், வயரிங் தேவையில்லை. சமையலறையில் மாட்டினால் தாளிக்கும் போதெல்லாம் கத்தும், ஒரு வாரத்தில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அங்கே சூட்டைப் பார்த்து ஒலிப்பதுதான் பொருத்தம். கேஸ் கசிவு அலாரத்தைச் சிலர் புகை அலாரம் போல மேலே மாட்டுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, தரையில்தான் தேங்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்ட வேண்டும்.

கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்

பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் குழாய் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும், எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே மெக்கர் (வயரின் மேலுறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனையும் சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் வைத்தால் ஒரு மெகா ஓமுக்குக் கீழே எந்த லைனும் காட்டக்கூடாது. எர்த் அளவைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு ஒவ்வோர் ஆர்சிசிபியிலும் இருக்கும் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். அந்தப் பட்டன் பொட்டி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்த லீவர் எந்த அறை என்று பாக்ஸ் மூடியின் உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மெயினை எப்படி அணைப்பது என்று அன்றைக்கே காட்டிக் கொடுங்கள்.